நீங்கள் வேண்டாம் என்ற சீட்டு

வேனை ஓட்டிக்கொண்டே என் பெயரைப் பாட்டாக இழுத்துக் கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. சாரம் பகுதியில் அதே வீட்டில்தான் இருக்கிறோம். அம்மாவுக்குப் பக்கவாதத்தில் விழுந்த கையும் காலும் இன்னும் எழவில்லை. தங்கச்சி நித்யா பிளஸ் டூ முடித்துவிட்டாள். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்கிறாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் கேட்ட அதே படிப்பு.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது நீங்களாகவே சொன்னீர்கள். நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"உனக்குச் சென்னையில சீட்டு வந்துச்சும்மா. என் போன்லதான் மெசேஜ் வந்துச்சு. நான்தான் வேணாம்னு அழுத்திட்டு, உங்கிட்ட சீட்டு வரலன்னு சொல்லிட்டேன்."

"ஏம்பா?"

"நீ போய்ட்டா, விழுந்து கெடக்கற உங்கம்மாவ யாரு பாக்கறது? மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா."

அடுத்த ஸ்பூன் கஞ்சியை உங்கள் வாயருகே கொண்டுபோனேன். அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தீர்கள். உடம்பு துடைத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல அப்பா, வேண்டுமென்றேதான்.

தட்டாஞ்சாவடியில் நான் சோப்புப் பெட்டி ஒட்டும் கம்பெனிக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். நான் படிக்க ஆசைப்பட்டதைப் படித்தவள், என்னைவிட நான்கு வயது சின்னவள். ஒரு பெட்டிக்கு எனக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்து எழுதுகிறாள். "அக்கா, உங்க எடது கை சும்மா நிக்குது பாருங்க" என்றாள். அழுகை வரவில்லை. உங்கள் மேல் கோபம்தான் வந்தது. செத்தவர் மேல் வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆனாலும் தங்கச்சிக்கு எந்தக் காலேஜ் நல்லது என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

"கட்டடத்தப் பாக்காதீங்கக்கா. பசங்கள ஃபேக்டரிக்கு அனுப்பி வேல கத்துக்க வெக்கறாங்களா, அதக் கேளுங்க."

விசாரித்தோம். இங்கே வீட்டு வாசலுக்கே பஸ் அனுப்பும் காலேஜில் ஒருநாள் சுற்றிக் காட்டுவதோடு சரி. சென்னையில் ஒரு செமஸ்டர் முழுக்க அனுப்புகிறார்கள்.

ஆன்லைனில் காலேஜ்களை வரிசைப்படுத்த வேண்டிய அன்று, நித்யா குளிக்கப் போனதும் அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"பக்கத்துல இருக்கறதையே மொதல்ல போட்டுடு. அவளுக்குத் தெரியவா போவுது? உனக்கு அப்படித்தான பண்ணோம்."

பண்ணோம் என்றாள். அம்மாவுக்கும் தெரியுமா அப்பா? இத்தனை வருடம் நான் அவளுக்குத் தலை வாரிவிட்டபோதெல்லாம் தெரியுமா?

"இன்னொரு வாட்டி இதப் பேசினா நானும் உன்ன விட்டுட்டுப் போய்டுவேன்" என்றேன். எழுந்து நடக்க முடியாதவளிடம் அப்படிச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

சென்னையை முதலில் போட்டேன், கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து நான் கைப்பையை எடுத்தாலே அம்மா "எப்ப வருவ?" என்று கேட்கிறாள். பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை நித்யாவை ஹாஸ்டலில் விடப் போகிறேன். எப்போது வருவேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சாயந்திரத்துக்குள் திரும்பிவிடுவேன்.

உங்கள் மூத்த மகள்,
கலைவாணி