கிளிப் படத்தின் பின்பக்கம்

சிவகாசி, 8-9-66, காலை 6 மணி

தங்கம்,

எழுந்ததும் உன் ரசாயனக் குறிப்புகளைத் தேடாதே. வீணான பட்டாசு லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் நீ எழுதியிருந்தாய். நான் முன்பக்கத்துக் கிளியை மட்டும் பார்த்துவிட்டு, வெடிக்குழாய் சுற்றும் பழைய பேப்பரோடு நேற்றே நாரணாபுரத்துக்கு அனுப்பிவிட்டேன்.

"ஆராய்ச்சி ஸ்காலர்ஷிப் வாங்கி என்னத்தக் கிழிக்கப் போறே?" என்று நேற்றுக் கத்தியவனும் இதே மேதைதான். வேண்டுமென்றே செய்ததாகத்தான் நினைப்பாய். சத்தியமாக இல்லை, தாயி. உன் அம்மாவே நம்பவில்லை. "நல்ல அப்பன்தான் நீக!" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாளை மதுரையில் உனக்கு அந்த ஸ்காலர்ஷிப் பரீட்சை. எட்டு மணிக்கு நாரணாபுரத்தில் மூக்கம்மாள் பசைச் சட்டியோடு குழாய் சுற்ற உட்கார்ந்துவிடுவாள். அதற்குள் சைக்கிளில் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

இட்லி மூடி வைத்திருக்கிறது. என்னைத் திட்டிக்கொண்டாவது சாப்பிடு.

அப்பா

பி.கு.: டயருக்குக் காற்றடிக்கத் திரும்பி வந்தேன். சிரிக்காதே. நேற்றே சுற்றியிருந்தால், ஒவ்வொரு குழாயாகப் பிரித்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவருவேன்.

இன்னொன்று: நாளை உன்னோடு மதுரைக்கு நானும் வருகிறேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை, பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.