ரிப்போர்ட்டில் வராத இரண்டு ஆள்

என் உயிர் மச்சான் அருளப்பனுக்கு,

சண்டை முடிந்தது என்று கண்டோன்மெண்டில் பீரங்கி வெடித்தார்களே, அந்த வருஷம். விஷக் காய்ச்சலில் வீட்டுக்கு வீடு பிணம் விழ, சாவு மணி அடிக்கவேண்டாம், படுத்திருக்கிறவர்கள் பயப்படுகிறார்கள் என்று சாமியார் சொன்னதும் அதே வருஷம்தான். காய்ச்சலுக்கு முந்தின ஆடி மாதத்தில் பியானோ பெட்டி விழுந்தது. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

இப்போது மறுபடியும் ஒரு சண்டை. ஸ்டேஷன் முழுக்கப் பட்டாளம். எனக்கு எழுத்து தெரியாது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் பேத்தி ரெஜினா. நீ பார்க்காத பேத்தி. போன மாதம் அவளுக்கு லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் வீட்டார் வந்து பலகாரம் சாப்பிட்டுச் சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனார்கள். பிறகு கோயில் வாசலில் ஒருவர் அவர்கள் காதில் போட்டிருக்கிறார்: "பியானோவைப் போட்டு ஒடச்சு, போர்ட்டர் வில்லையைப் புடுங்கித் தொரத்தினாங்களே அருளப்பன், அந்தக் குடும்பமா?" சம்பந்தம் நின்றுபோயிற்று. அதனால்தான் இந்தக் கடிதம். உனக்கு எழுதுகிறேன், ஊரும் கேட்கட்டும்.

அப்பா செத்ததால், சாமியாராகப் படிக்கப் போன குருமடத்தை நாலாம் வருஷம் விட்டு வந்தவன் நீ. பீடத்துக்குப் போகவேண்டிய லத்தீன் நம் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்தது. மற்ற கூட்டம் ஏலேலோ போட்டுத் தூக்கும். நாம் "போர்த்தோ, போர்த்தாஸ், போர்த்தாத்" என்று தூக்குவோம். நான் சுமக்கிறேன், நீ சுமக்கிறாய், அவன் சுமக்கிறான். நீ "போர்த்தாமுஸ்" என்றால் எல்லோரும் சேர்ந்து சுமக்கிறோம் என்று அர்த்தம். பெட்டி தரையைவிட்டு எழும்பும்.

"க்யா லத்தீன், பெட்டிக்கு ஞானஸ்நானமா?" என்பான் மஸ்தான். முதலில் தோள் கொடுக்கிறவனும் அவன்தான்.

மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் பீடி பிடிக்கும்போது அந்தச் சொல்லின் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினாயே. இம்போர்ட், உள்ளே சுமந்து வருவது. எக்ஸ்போர்ட், வெளியே சுமந்து போவது. டிரான்ஸ்போர்ட், அந்தப் பக்கம் சேர்ப்பது. சப்போர்ட், கீழே இருந்து தாங்குவது. ரிப்போர்ட், நடந்ததைத் திரும்பச் சுமந்து வருவது. தோளில் சுமக்கிற நாம் போர்ட்டர். "பாஸ்போர்ட்டும் நம்ம ஆளுதானே?" என்று நான் கேட்டேன். "இல்ல மாப்ளே, அது வேற வீடு. அது கப்பல் வந்து நிக்கிற துறை" என்றாய். பொய்யாக ஒரு உறவைக்கூடச் சேர்க்கமாட்டாய். இன்று துரையிலிருந்து டீக்கடைக்காரன் வரை வாய்க்கு வாய் இந்தச் சொற்கள்தான். எல்லாம் சுமக்கிறவன் சொல் என்று எவனுக்குத் தெரியும்?

ரெஜினா, இதையும் எழுது: பெட்டி ஆறு ஆள் சுமை. அருளப்பன் கேட்டது ஆறு ஆள். கிளார்க் கொடுத்தது நாலு. நீ, நான், மஸ்தான், சின்னப்பன்.

"ரெண்டு ஆள் கொறையுதுங்க ஐயா. ஏறுற பலகை மழையில நனைஞ்சிருக்கு."

"லத்தீன்ல ரெண்டு வார்த்தை கூடச் சொல்லு, போதும். தூக்குடா."

பாதிப் பலகையில் சின்னப்பனுக்குக் கால் வழுக்கியது. பெட்டி சரிந்து மஸ்தானின் கால் விரல்மேல் விழுந்தது. அவன் கத்தியதைவிட பியானோ அதிகம் கத்தியது.

மறுநாள் கிளார்க் ஒரு காகிதத்தை இங்கிலீஷில் படித்துக் காட்டி, மைப்பெட்டியை நீட்டினார். "பெட்டி விழுந்துச்சுன்னு ரிப்போர்ட். ஒவ்வொருத்தனா கைநாட்டு வை." மஸ்தான் வைத்தான், சின்னப்பன் வைத்தான். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். சண்டைக் காலத்தில் அரிசி விற்ற விலை எனக்கும் தெரியும். ஆனால் எனக்குக் காது உண்டே. அந்தக் காகிதத்தில் உன் பெயர் மூன்று தரம் வந்தது. நாலு என்கிற 'ஃபோர்' வரவே இல்லை. ஆறு என்கிற 'சிக்ஸ்' என்பதும் இல்லை.

"நாலு ஆளுதான் குடுத்தீங்கன்னு இதுல எங்கங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குடா உனக்கு?"

"ரிப்போர்ட்னா நடந்ததைத் திரும்பச் சுமந்துட்டு வர்றதுங்க. ரெண்டு ஆளை வழியில எறக்கிட்டு வந்திருக்கீங்க. நான் வெக்கமாட்டேன்."

"கூலிக்காரனுக்கு லத்தீனா?"

"போர்ட்டருங்க ஐயா. வில்லையிலயே அடிச்சிருக்காமே, படிச்சுப் பாருங்க."

கையிலிருந்த பித்தளை வில்லையை அன்றே கழற்றினார்கள். உன்னுடையதோடு என்னுடையதும் போயிற்று. வெளியே வந்ததும் நீ திட்டினாய்: "ஆறு பிள்ளைக்காரன்டா நீ! வெச்சுட்டுப் போயிருந்தா உன் வேலையாவது நின்னிருக்குமே!" அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். வைக்காததற்கு ஒரு நாளும் நான் வருந்தியதில்லை. பிளாக்பள்ளி மார்க்கெட்டில் வில்லை இல்லாமலே இருபது வருஷம் சுமந்தேன். ஆறு பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். உன் தங்கை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நீ அந்தக் காய்ச்சலில் போனாய். உன் பெட்டியைத் தூக்க ஆள் கிடைக்காமல் நானும் மஸ்தானும்தான் தூக்கினோம், அவன் நொண்டிக்கொண்டே. எந்தச் சொல் சொல்லித் தூக்கினோம் என்று உனக்குக் கேட்டதா?

மஸ்தான் பிறகு சர்க்கரை வியாதியில் போனான். சின்னப்பன் போன தவக்காலத்தில். சாவதற்கு முன் என் கையைப் பிடித்து, "அவன் ஆறு ஆள் கேட்டதை என் காதால கேட்டேன் அண்ணே" என்று அழுதான். அதை அவன் முன்னமே நாலு பேர் நடுவில் சொல்லியிருக்கலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசை முடிந்ததும், கோயில் வாசலில் ரெஜினா இதை உரக்க வாசிப்பாள். நான் பக்கத்தில் நிற்பேன். லிங்கராஜபுரத்துக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சம்பந்தம் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், உன்மேல் போட்ட பழியை நான் இறக்குவேன். இது சத்தியம்.

"அவரு பேரையும் போடவா தாத்தா? ஊர்ல பெரிய மனுஷராச்சே" என்கிறாள் உன் பேத்தி.

"போடும்மா. கொட்டை எழுத்துல போடு."

அன்று ஷெட்டில் இருந்த ஐந்து பேரில், என்னைத் தவிர உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். கோயிலில் முன்வரிசை நாற்காலி அவருக்கு. சம்பந்தக்காரர் காதில் போட்டதும் அவர்தான். கூட்ஸ் கிளார்க் ஞானாதிக்கம்.

உன் தங்கை புருஷன்,
சவரிமுத்து