பதினோரு மணி போட்டோ

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு அடிக்கிறது. திண்டிவனத்தில் ஏழரை பஸ், விழுப்புரம் வரை நின்றுகொண்டே. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கூடம். சேலை முந்தானை ஆட்டோ கதவில் மாட்டிக் கிழிந்தது. நல்ல சேலை.

வியாழன் என்றால் மாத்திரை நாள். பெண் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஒன்று, இரும்புச்சத்து. இரண்டாம் பீரியடில் பி.டி. சார் வரிசையாக நிற்க வைத்து, உள்ளங்கையில் மாத்திரையை ஏந்தச் சொல்லி ஒரு போட்டோ எடுப்பார். பதினோரு மணிக்குள் அது அதிகாரிகளின் வாட்ஸப் குழுவில் ஏற வேண்டும். ஏறிவிட்டால் பள்ளிக்கு நூறு சதவீதம். முழுங்கினார்களா என்பது போட்டோவில் தெரியாது, யாரும் கேட்பதும் இல்லை.

இன்று ஒன்பதாம் வகுப்பு நந்தினி என் அறிவியல் வகுப்பில் வாந்தி. வெறும் மஞ்சள் தண்ணீர். முகம் கழுவிவிட்டு, பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"காலைல என்ன சாப்ட்ட?"

"ஒண்ணும் இல்ல மிஸ். அம்மா விடியக்காலையே மல்லாட்டைக் கொல்லைல களை எடுக்கப் பூட்டாங்க."

"வெறும் வயித்துல எதுக்கும்மா மாத்திரையப் போட்ட?"

"நீங்கதான மிஸ் நல்லதுன்னீங்க. மத்ததுங்கல்லாம் செவுத்துக்கு அந்தாண்ட எறிஞ்சிட்டுப் பூடுதுங்க. நான் மட்டுந்தான் முழுங்கினு வர்றேன்."

என் பேச்சைக் கேட்டவள் வாந்தி எடுக்கிறாள். கேட்காததுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன.

சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். பள்ளியில் காலைச் சிற்றுண்டி ஐந்தாம் வகுப்போடு சரி. மதிய சாப்பாடு பன்னிரண்டே முக்காலுக்கு. அதுவரை பொறுத்தால் என்ன, போட்டோ ஊசிப்போய்விடுமா?

வாங்க: உளுந்து, சேலை பின், ஓ.ஆர்.எஸ். (பள்ளிக்கு).

ஜூலை 4, வெள்ளி

ஃபெல்லோஷிப் அறிவிப்பை மறுபடி படித்தேன். பள்ளி ஆசிரியர்களுக்குப் பொது சுகாதாரப் படிப்பு. ஒரு வருடம், வேலையை விடாமலே. அவரவர் பள்ளியில் மாற்ற வேண்டிய ஒரு விஷயத்தை எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானால் அதை மாற்றிக் காட்ட வேண்டும்.

எனக்கு இது வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை. விலங்கியல் முடித்தபோது சத்துணவு பற்றி மேலே படிக்கிறேன் என்றேன். பி.எட். போட்டால் சீக்கிரம் வேலை என்றார்கள். போட்டேன், வேலையும் வந்தது. ஆசைதான் இன்னும் போகவில்லை.

மாத்திரை விஷயத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அவர் அதையே ஊற்றிச் சாப்பிட்டார், பாவம்.

ஜூலை 7, திங்கள்

மழை வருகிற மாதிரி இருட்டி, ஏமாற்றிவிட்டுப் போயிற்று. தலைமை ஆசிரியர் ஒப்புதல் இல்லாமல் விண்ணப்பம் போகாது. த.ஆ. இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், நம்ம ஸ்கூலு நூறு சதவீதம்னு போய்க்கினு இருக்குது. நீங்க பாதிப் பேரு தூக்கி எறியறாங்கன்னு எழுதினா அந்த நூறு என்னாவறது?"

"அது உண்மை சார்."

"யார் இல்லன்னது? மார்ச்சுல எனக்கு ரிட்டயர்மெண்ட்டு. இந்த நேரத்துல எனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? டெங்குவப் பத்தி எழுதுங்க. கொசு வந்து என்னைக் கேள்வி கேக்காது."

"நேரத்தை மட்டும் மாத்தினாப் போதும் சார். சாப்பாட்டுக்கு அப்புறம்..."

"கொசுன்னு எழுதிக் கொண்டாங்க, ஜல்தியா கையெழுத்துப் போட்டுடறேன்."

கெட்ட மனிதர் இல்லை. நந்தினிக்கு அன்று தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தவர் அவர்தான். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது.

ஜூலை 8, செவ்வாய்

கொசுவைப் பற்றி எழுதினேன். தேங்கிய தண்ணீர், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், விழிப்புணர்வு ஊர்வலம். கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். த.ஆ. முகமெல்லாம் மலர்ச்சி. "உங்களப் பத்தி நானே ஒரு நற்சான்று எழுதி கூட வெக்கிறேன்" என்றார். எனக்குச் சந்தோஷமே இல்லை. உள்ளே நுழைந்துவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நம்பும்படியாக இல்லை.

ஜூலை 17, வியாழன்

நேர்காணலுக்கு அழைப்பு! சனிக்கிழமை, விழுப்புரம். பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது. மாத்திரை நாள். நந்தினி இப்போது மாத்திரையை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுவிடுகிறாளாம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முழுங்க. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரிகிறது.

ஜூலை 19, சனி

எழுதிவிட்டால் தேவலை.

வெளியே பெஞ்சில் காத்திருந்த இரண்டு ஆசிரியர்கள் பேச்சு: "ஊர்வலப் போட்டோ எடுத்தாந்தீங்களா?" "எடுத்தாந்தேன் சார், ஆனா பேனரு சரியா தெரில."

உள்ளே மூன்று பேர். சென்னையிலிருந்து வந்த டாக்டர் அம்மா, ஃபெல்லோஷிப் நடத்துகிறவர் ஒருவர், மாத்திரைத் திட்டத்தைப் பார்க்கிற இங்கத்திய அதிகாரி ஒருவர். டாக்டர் அம்மா சிரித்த முகமாக ஆரம்பித்தார்.

"உங்க தலைமை ஆசிரியர் பிரமாதமா எழுதியிருக்காரு. உங்க முயற்சியாலதான் மாத்திரை நூறு சதவீதமாமே? எங்கயுமே முடியாதது. எப்படிப் பண்ணீங்க, சொல்லுங்க."

கொசுவுக்காகக் கூப்பிடவில்லை. அந்த நூறுக்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள். நற்சான்று என்றபோதே நான் வாங்கிப் படித்திருக்க வேண்டும்.

இரண்டு வரி பொய் போதும், இடம் எனக்குத்தான். டாக்டர் அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மஞ்சள் தண்ணீரைத் துடைத்த கை இது. பொய் வரவில்லை.

"கையில வாங்கறது நூறு, மேடம். முழுங்கறது பாதிகூட இல்ல. பதினோரு மணிக்குள்ள போட்டோ கேக்கறாங்க, பிள்ளைங்க வெறும் வயித்துல நிக்கிறாங்க. முழுங்கினா குமட்டுது, அதனால எறிஞ்சிடறாங்க. மத்தியானம் சோறு போட்டப்புறம் குடுத்தா எல்லாம் முழுங்கும். இதைத்தான் முதல்ல எழுதினேன்."

ஃபெல்லோஷிப்காரர் என் விண்ணப்பத்தைப் புரட்டினார். "ஆனா இதுல கொசுன்னு போட்டிருக்கே?"

அதிகாரி தலை நிமிராமல் போனில் எதையோ குறித்துக்கொண்டார். "முழுங்கறதில்லயா? அதை நாங்க பாத்துக்கறோம்மா."

டாக்டர் அம்மா மட்டும் வாசல் வரை வந்தார். "நல்லா இருங்க" என்று மட்டும் சொன்னார். பஸ் நிலையத்தில் கரும்பு ஜூஸ் குடித்தேன். பாதியை வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஜூலை 23, புதன்

பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இல்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தேன். ஸ்டாஃப் ரூமில் வடை நீட்டினார்கள். பாத்ரூமில் போய் அழுதேன். சரி.

சாயங்காலம் வாட்ஸப் குழுவில் எல்லாப் பள்ளிகளுக்கும் புது உத்தரவு. மாத்திரையை மாணவிகள் உண்மையாகவே உட்கொள்வதை உறுதிசெய்ய, இனிமேல் மாத்திரை நாக்கின் மேல் இருக்கும்படி, வாயைத் திறந்த நிலையில் போட்டோ. நேரம்: காலை பத்தரைக்குள்.

பத்தரை! நான் சொன்னதில் இவர்கள் காதில் விழுந்தது இவ்வளவுதானா? அரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். என்னால் வந்தது இது. இருந்திருந்து நான் வாயைத் திறந்தேன், இப்போது அத்தனை பிள்ளைகளும் வாயைத் திறக்க வேண்டும்.

தூக்கம் வராது. துணி மடித்தேன்.

ஜூலை 24, வியாழன்

வெயில். பஸ்ஸில் நின்றேன். மாத்திரைப் பெட்டியை எடுத்து அறிவியல் ஆய்வகத்தில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பத்து மணிக்கு பி.டி. சார் வந்தார், பூட்டைப் பார்த்தார், திரும்பிப் போனார். பத்தரைக்கு த.ஆ. வந்தார்.

"டீச்சர், சாவியக் குடுங்க."

"சாப்பாட்டுக்கு அப்புறம் நானே குடுக்கறேன் சார்."

"மெமோ வரும்."

"என் பேருக்கே வரட்டும் சார்."

நின்றார். சாவியை இரண்டாம் தடவை கேட்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடித்தது. சாம்பார் சாதம், முட்டை. பிள்ளைகள் மரத்தடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது த.ஆ. போனைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தார். "நீங்களே பேசுங்க" என்று என் கையில் திணித்தார். மறுமுனையில் அந்த அதிகாரி.

"ஏம்மா, எல்லா ஸ்கூல்லருந்தும் வந்துடுச்சு. உங்க போட்டோ எங்க?"

"பிள்ளைங்க சாப்ட்டுக்கினு இருக்காங்க சார். சாப்ட்டு முடிக்கட்டும்."