என் ஆலையின் மாங்கொட்டையைச் சகலை மீண்டும் எடுக்க வேண்டி

அனுப்புநர்:
மாம்பழக்கூழ் ஆலை உரிமையாளர்,
சந்தைப் பின்தெரு.

பெறுநர்:
நகராட்சிச் சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: ஆலைக் கழிவை எடுக்க மறுக்கும் என் சகலை மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தள்ளுவண்டியில் பழம் விற்று ஆலை வைத்தவன் நான். என் மனைவியின் தங்கை கணவர் வேலையில்லாமல் வந்து நின்றபோது, ஆலையில் மிஞ்சும் தோலையும் கொட்டையையும் இலவசமாக அள்ளிக்கொள்ளச் சொன்னேன். குப்பை வண்டிச் செலவு மிச்சம் என்று நினைத்ததையும் மறைக்கவில்லை.

2. அவர் கொட்டைப் பருப்பிலிருந்து வெண்ணெய் எடுத்து சோப்புக் கம்பெனிகளுக்கு அனுப்பினார். தோலைக் காயவைத்துப் பொடித்து, ஜாம் கெட்டியாவதற்கென்று விற்றார். இப்போது அவர் வீட்டில் மாடி எழும்பிவிட்டது. அங்கிருந்து பார்த்தால் என் ஆலையின் தகரக் கூரை முழுவதும் தெரிகிறதாம், அவரே சொன்னார். என் மனைவியோ சோறு போடும்போதெல்லாம், "நீங்க கூழை வித்தீங்க, அவரு குப்பையை வித்தாரு. யாரு வீட்டுல மாடி இருக்கு பாருங்க" என்கிறாள். சோறு எப்படி இறங்கும், ஐயா?

3. என் பொருளில் நானே சம்பாதிக்கலாமென்று, கழிவு கொடுப்பதை நிறுத்தி அரவை இயந்திரம் வாங்கினேன். சகலை அன்றன்றைக்கே தோல் வேறு, கொட்டை வேறாகப் பிரித்து, கழுவி வெயிலில் போடுவார். வேலையில்லாதவர் பொழுதுபோக்கு என்று அதை எண்ணி, நான் எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டேன். பருப்பில் பூஞ்சை பிடித்தது. சோப்புக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெண்ணெயைத் திருப்பி அனுப்பினார். குவியல் நாறி, தங்கள் ஊழியர்கள் என் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வாரக் கடைசிக்குள் அகற்றாவிட்டால், பழம் வந்து குவியும் இந்தப் பருவத்திலேயே ஆலைக்குப் பூட்டு.

4. சகலை இப்போது எதிர்த்தெரு ஆலையில் கழிவு எடுக்கிறார். அங்கே அதற்குக் காசு வேறு கொடுக்கிறாராம்! எனக்கு ஒரு டீ வாங்கித் தந்ததில்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "கலந்து போட்டா நமக்கு ஆகாதுன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுப்பா" என்று அனுப்பிவிட்டார்.

5. எனவே, அழுகிய குவியலை உரத்துக்காவது அவர் அள்ளிப் போகவும், இனி வரும் கொட்டையை என்னிடமிருந்தே எடுக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பிரித்துக் கழுவி வாசலில் வைக்க நான் தயார். ஆனால் உத்தரவு தாங்களாகவே போட்டதாக இருக்கட்டும், ஐயா. நான் மனுப் போட்டுக் கெஞ்சினேன் என்று அவர் வீட்டுக்குத் தெரிந்தால், அன்று மாலையே என் வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

இடம்: ஆலை அலுவலகம்
நாள்: ஜூன் 9

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
கூழ் ஆலைக்காரர்