சிவப்பு விரிப்பில் ஈரம்

ஜூலை 21, திங்கள்

ஆடிக் காற்று. மாடியில் ஒரு துணி நிற்கவில்லை.

கஞ்சி மறுபடியும் மாமியின் தொழுகை விரிப்பில் மூத்திரம். உம்ரா போனபோது வாங்கி வந்த சிவப்பு விரிப்பு. மண் தட்டு இரண்டடி தள்ளித்தான் இருக்கிறது. நோன்புக் கஞ்சி காய்ச்சிய அன்று வாசலில் கிடந்த பூனைக்குட்டி என்று பேர் வைத்துக் கொஞ்சியதன் பலன். இப்போது மூன்று வயசுக் கடுவன். திமிர்.

மாமி சொன்னது: "பாத்திரத்துல வாய் வச்சாக்கூடப் பரவால்லம்மா. தொழுகுற எடத்துல இது ஏலாது."

யூடியூப்படி மூன்று காரணம். பொறாமை, தட்டு பிடிக்காதது, வெளிப்பூனைக்கு எல்லை காட்டுவது. கடைசிதான். சுவர்மேல் ஒரு கறுப்புத் தடியன் வருகிறான்.

வாங்க: எலுமிச்சை, பினாயில், கருநீல நூல்.

ஜூலை 22, செவ்வாய்

கறுப்பன்மேல் தண்ணீர் ஊற்றி விரட்டியாச்சு. விரிப்பைச் சுற்றி எலுமிச்சைத் தோல். தாண்டிப் போய் உட்காருகிறது.

இன்று: விரிப்பு, குளியலறை வாசல், தையல் மெஷின் பெடல், அவர் செருப்பு, மறுபடி விரிப்பு. ஒவ்வொன்றும் எட்டணாக் காசு அகலம்தான். ஆனால் ரொம்ப நேரம் உட்கார்ந்து ஒரு மாதிரி கத்துகிறது. வஞ்சம். விளக்குமாற்றால் ஒன்று போட்டேன். ஓடவில்லை, முறைத்தது.

விரிப்பை வெள்ளைத் துணியால் ஒற்றினேன். துணியில் ரோஸ் கறை. சாயம் போகிறது. மாமியிடம் சொல்லவில்லை.

ரவிக்கை இரண்டு பாக்கி.

ஜூலை 23, புதன்

வீட்டில் சத்தம். மாமி அழுகை. அவர் தோல் குடோனிலிருந்து வந்ததும் வராததுமாக முடிவு சொல்லிவிட்டார். நாளைக் காலை சாணார்பட்டிப் பக்கம் ஒரு தோப்பில் விட்டுவிடுவது. எலி நிறைய இருக்கும், பிழைத்துக்கொள்ளுமாம்.

நான் சரி என்றேன். கழுவிக் கழுவி அலுத்துவிட்டது.

கடைசியாக இருக்கட்டும் என்று மத்தி மீன் போட்டேன். மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கொழுப்பு.

ஜூலை 24, வியாழன்

9.10. போய்விட்டது. அவர் சாக்கைப் பிடித்தார், சாக்கு வாயைக் கட்டியது நான். கடிக்கும் என்று பயந்தேன். கடிக்கவில்லை.

10.30. குளியலறை கழுவப் போனேன். வெள்ளை டைல்ஸ். மூலையில் மூன்று சொட்டு, ரோஸ் நிறம். விரிப்பு இங்கே வந்ததே இல்லை. சாயம் எப்படி வரும்?

இந்த நோட்டைத் திருப்பினேன். எட்டணா அகலம். ரொம்ப நேரம். கத்துகிறது. மீன் தின்னவில்லை. எல்லாம் என் கையெழுத்து.

நாலாவது தடவைதான் போனை எடுத்தார். விட்டு அரை மணி நேரமாச்சாம், குடோனுக்கே வந்தாச்சாம்.

"அது சேட்டை இல்லங்க. மூத்திரம் அடைச்சிருக்கு, ரத்தமா வருது. திரும்பிப் போய்த் தூக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

வண்டி கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது. மாமி தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். நான் மாட்டாஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன்.

சாயங்காலம். உயிர் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் சாக்கில்லாமல், சட்டையோடு அணைத்துக்கொண்டு வந்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன்.

"தேடவே இல்ல புள்ள. விட்ட எடத்துலயே கெடந்துச்சு. நடக்க ஏலல."

குழாய் விட்டு எடுத்தார்கள். கடுவனுக்கு மூத்திர வழி ஊசி மாதிரி இருக்குமாம், அதில் மணல் மணலாக அடைப்பு. நாளை வரை தாங்கியிருக்காது என்றார் டாக்டர். எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். விளக்குமாற்றைச் சொல்லவில்லை.

ஜூலை 26, சனி

காற்று கொஞ்சம் அடங்கியது. கஞ்சி வீட்டுக்கு வந்தாச்சு. நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. உலர்ந்த தீனி கூடாது, தண்ணீர் நிறைய, மாத்திரை இரண்டு வேளை.

மாமி சிவப்பு விரிப்பை மடித்து வைத்துவிட்டுப் பாயில் தொழுகிறார். கஞ்சி மாமியிடம் போகிறது, அவரிடமும் போகிறது. என்னிடம் வரவில்லை.

லுஹர் தொழுகைக்குப் பிறகு மண் தட்டில் பறண்டும் சத்தம். மூன்று பேரும் போய் நின்றோம். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், ரோஸ் இல்லை. மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், மூத்திரத்துக்கு. அவர் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

சிதறிய மண்ணைக் கூட்ட விளக்குமாற்றை எடுத்தேன். கஞ்சி கட்டிலுக்கடியில் போய்விட்டது.

விளக்குமாற்றை வெளியே வைத்துவிட்டுக் கையால் அள்ளினேன்.