அக்கா தேய்ச்ச அடுப்புங்க

மார்ச் 3, செவ்வாய்

உன்கிட்டதான் கேக்குறேன் சாமி, நீ பாத்துக்கிட்டுதானே இருந்தே? அக்காவுக்குத் துக்கம் கேக்க வந்த பட்டாளத்துக்காரங்க ஒருத்தர் பாக்கி இல்லாம, "உங்கக்கா ஒரு குறை சொன்னதில்லைம்மா"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. எப்படிச் சொல்லுவா? கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்தப்போ அவளுக்கு இவங்க பாஷையில தெரிஞ்சது "சரி"யும் "நன்றி"யும்தான். அத்தான் சட்டை நிறைய மெடல் குத்திக்கிட்டு தலையை ஆட்டுறாரு.

சாயங்காலம் டீ குடிச்சுக்கிட்டே சொல்றாரு: சம்சாரம் இல்லாதவருக்குக் குடும்ப குவார்ட்டர்ஸ் கிடையாதாம். அடுத்த வாரம் காலி பண்ணணும், ஆபீசர் வந்து வீடு சுத்தமா இருக்கான்னு சோதிப்பாராம். நானும் அக்கா பொண்ணு பாப்பாவும் சேந்து தேச்சு விடணுமாம். அப்புறம் பாப்பா வீட்டோட போய் இருந்துக்குவாராம். அவளை யாரு கேட்டா? பஸ் ஓட்டுற பொண்ணு, அவ வண்டியை எடுக்கிறப்போ ஊரே தூங்கிட்டு இருக்கும். அவளும் அக்கா மாதிரி இந்த ஆளுக்கு உழைச்சுக் கொட்டணுமா?

மார்ச் 4

வயித்தெரிச்சல் தீரல. எழுதியாவது வைக்கிறேன்.

ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு ஊர் மாத்துவாங்க. உத்தரவு வந்ததும் அவரு முன்னாடியே கிளம்பிடுவாரு. சாமான் கட்டுறது, பாப்பாவைப் பள்ளிக்கூடத்துலேந்து நிறுத்துறது, வீட்டைத் தேய்க்கிறது எல்லாம் அக்கா தலையில. ஆபீசர் வெள்ளைத் துணியோட வந்து கதவுக்கு மேல, அடுப்புக்குப் பின்னால தடவிப் பாப்பாராம். துணி கறுத்தா புருஷனுக்குக் கெட்ட பேரு. இவ கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு ஸ்டூல் மேல ஏறுவா. கை தோல் உரிஞ்சு தலை பின்ன முடியாம இருந்திருக்கா. அதுக்கு எந்த மெடலைக் குத்துனாங்க?

அப்பா இழுத்துக்கிட்டு கிடந்தப்போ, உடனே கிளம்பி வாக்கான்னு போன் பண்ணேன். அந்தத் தடவை பாத்து அத்தான் வீட்டுல இருந்தாரு. "சோதனை முடியட்டும், மறுநாளே போ"ன்னுட்டாரு. அப்பா காத்துக்கிட்டு இருப்பாரா? அப்பா முகத்தை அக்கா பாக்கவே இல்ல.

மார்ச் 5

சாமி, மத்தவங்களை எல்லாம் மன்னிச்சுக்கோ. இந்த ஆள் மட்டும் வேண்டாம்.

மார்ச் 7

காலைல அடுக்களைக்குப் போனா — பாப்பா முட்டி போட்டு அடுப்பைத் தேய்க்குது. கையில அவ அம்மாவோட ரப்பர் உறை. எனக்கு அக்காவே உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு.

"எந்திரிடி"ன்னேன்.

"அப்பாவுக்கு அவமானமாயிடும் சித்தி."

"உங்க தாத்தா சாவுக்கு உங்கம்மா ஏன் போகலைன்னு தெரியுமா உனக்கு?"

டிக்கெட் கிடைக்கலைன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கா. சொல்லிட்டேன். ஒண்ணு விடாம சொன்னேன். நீ என்னைத் தடுக்கலையே சாமி.

அவ எந்திரிச்சா. உறையைக் கழட்டி, முன்னறையில பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தவரு மடியில போட்டா. "நீங்களே தேயுங்கப்பா."

மார்ச் 8

தேச்சாரே! பட்டாளத்து பட்டன் பளபளக்கப் போடுற பாலிஷை எடுத்து அடுப்பு முழுக்கப் பூசிட்டாரு. கறுப்பு அப்பிக்கிட்டு, தேய்க்கத் தேய்க்க சுவரு வரைக்கும் பரவுது. "எதைப் போட்டாம்மா போகும்?"னு என்கிட்ட வந்து நின்னாரு. எனக்குத் தெரியும். சத்தமா ஜபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

மார்ச் 10

ஆபீசர் வந்தாரு. பாப்பா வயசுதான் இருக்கும். கையில துணியும் இல்ல ஒண்ணும் இல்ல. தொப்பியைக் கழட்டிட்டு வாசல்லயே நின்னு, அம்மா போனதுக்கு வருத்தம்னு சொன்னாரு. எல்லாம் சரியா இருக்கும் சார், நீங்க காலி பண்ணிக் குடுக்காத வீடான்னு அத்தான்கிட்ட சாவியை வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு.

அடுப்பு கன்னங்கரேல்னு கிடக்கு. அத்தான் கறுத்த கையோட சல்யூட் அடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

என்ன சாமி இது? இவ்வளவுதானா? இதுக்காடா அவ செத்தா — உன்னை 'டா' போட்டுட்டேன், பொறுத்துக்கோ.

மார்ச் 13

பாப்பா வீட்டுலேந்து எழுதுறேன். நாளைக்கு எனக்குப் பிளேன். அத்தான் தனி ஆளுங்களுக்கான ரூம்ல இருக்காரு, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். வீட்டை விட்டுக் கிளம்புறப்போ அவரு பொட்டியைத் தூக்கிக்கிட்டு பாப்பா காருகிட்ட வந்தாரு. இவ பொட்டியை வாங்கி அந்த ரூம் வாசல்ல வச்சுட்டு, "ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்பா. சமைக்க, துவைக்க வரமாட்டேன்"னா. அவரு என்னைப் பாத்தாரு. நானும் நல்லாப் பாத்தேன். இன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இரு, எழுதுறப்போதான் ஞாபகம் வருது. அப்பா போன அந்த வாரம் ஆபீசர் வரவே இல்லையாம், அக்கா ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சுக்கிட்டே சொன்னா. தேதி தள்ளிப்போச்சுன்னு முன்னாடியே அத்தானுக்குப் போன் வந்துடுச்சாம். அவகிட்ட சொல்ல மறந்துட்டாராம்.