ஒன்பது வருடம் நாம் வாங்காத கார்

என் மச்சான் குகனுக்கு,

கார் வாங்கிவிட்டேன்.

இதை முழுசாக யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஆறு நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன். மெல்போர்னில் இருக்கும் மகளிடம் சொன்னால் "நைஸ், அப்பா" என்பாள். ஆபீசில் சொன்னால் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பார்கள். "கதவுக்குக் கீழ தட்டிப் பாத்தனீரோ?" என்று கேட்கிற ஆள் நீ ஒருத்தன்தான். அதனால் உனக்கே எழுதுகிறேன். சனிக்கிழமையானால் போக இடமில்லாத நாலு பேர் கூடவே படித்தாலும் படிக்கட்டும்.

உன்னைத் தெரியாத அவர்களுக்காகக் கொஞ்சம் பழையதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ யாழ்ப்பாணம், நான் திருச்சி, இரண்டு பேரும் வந்து சேர்ந்தது இந்த ஆக்லாந்து. இடிபட்ட கார்களின் உடம்பைத் தட்டி நிமிர்த்துவது உன் தொழில், பென்ரோஸில் ஒரு ஒர்க்‌ஷாப். எனக்கு ஆல்பனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற வேலை. பார்க்கிங்கில் எவனோ என் காரை இடித்துவிட்டுப் போனதால்தான் உன் முன்னால் வந்து நின்றேன்.

என் மனைவி சுமதி என்னைப் பிரிந்து போய் அப்போது இரண்டு மாதம். உன்னிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் பின் சீட்டில் ஒரு வாரத்துச் சாப்பாட்டு டப்பாக்கள் கழுவாமல் கிடந்தன. கதவைத் திறந்தவன் நீதானே, பார்த்திருப்பாய். ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரில் இரண்டே சீட் வைத்த, கூரை மடங்குகிற பழைய இங்கிலாந்துக் கார் ஒன்று இருந்தது. சும்மா நின்றுகொண்டிருக்க முடியாமல், "இப்படி ஒன்றை வாங்கி நானே சரி பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை" என்றேன்.

நீ கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "வாங்கலாம். ஆனா தனியப் போகாதையும். சனிக்கிழமை நானும் வாறன்."

அந்தச் சனிக்கிழமை ஒன்பது வருடம் ஓடியது.

முதலில் பார்த்தது ஹெண்டர்சனில் ஒரு சிவப்புக் கார். என் கண்ணில் பெயின்ட் மட்டும்தான் பட்டது, முகம் தெரிகிற பளபளப்பு. நீ பெயின்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி, புல்லில் மண்டியிட்டு, கதவுக்குக் கீழே இழுத்துக்கொண்டே போனாய். பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் காந்தம் பிடி விட்டுப் புல்லில் விழுந்தது. "இது தகரம் இல்லை மச்சான், முழுக்கப் பட்டி பூசி மறைச்சிருக்கு. உள்ளுக்குக் கறள்." எங்கள் ஊரில் துரு என்போம். உன்னிடம் பழகிய பிறகு எனக்கும் கறள்தான்.

கூரையில்லாத காருக்கு முதுகெலும்பே கதவுக்குக் கீழே ஓடுகிற அந்தப் பெட்டி இரும்புதான் என்று அன்றைக்குச் சொன்னாய். அது உளுத்துப்போனால் கார் நடுவில் தொய்யும். தொய்ந்தால் கதவைச் சுற்றியுள்ள இடுக்கு மேலே நெருங்கும், கீழே விரியும். ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்கவில்லையா, நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

எண்ணெய் மூடியைக் கழற்றி உட்புறம் பார்க்க வேண்டும், வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. ரெகோ, அதாவது பதிவு, உயிரோடு இருக்கிறதா என்று போவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பதிவு செத்துப்போன காரைத் திரும்ப ரோட்டுக்குக் கொண்டுவருவதற்குள் மனுஷன் செத்துவிடுவான் என்பாய். நீ ரொம்பக் கண்டிப்பாக இருந்தது பெட்டிகள் விஷயத்தில். "வேற ஒருத்தன் கழட்டிப் பெட்டியில போட்டதை வாங்காதையும். எந்த ஆணி எங்க எண்டு கழட்டினவனுக்குத்தான் தெரியும்." போல்ட்டும் திருகும் உங்கள் ஊரில் ஆணி.

எத்தனை கார் பார்த்திருப்போம்? எல்லாவற்றிலும் நீ ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தாய். திரும்பும் வழியில் ஏதாவதொரு பேக்கரியில் ஆளுக்கொரு இறைச்சி வைத்த பேஸ்ட்ரி வாங்கிக் காரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். மூன்று மணிக்கு என்னை லின்ஃபீல்டில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "அடுத்த கிழமை வேற ஒண்டு பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போவாய். வாங்காமல் வந்த வருத்தம் எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. ஏன் இல்லை என்று நான் யோசித்ததும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஒர்க்‌ஷாப்பிலேயே உன் இதயம் நின்றுவிட்டது.

அந்தச் சனிக்கிழமை நாம் ஒரு கார் பார்க்கப் போவதாக இருந்தது. ஒன்பதரைக்கு ஷூ போட்டுக்கொண்டு வாசலில் என் காருக்குள் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன். பக்கத்து வீட்டு சமோவா நாட்டு அம்மா வந்து கண்ணாடியைத் தட்டி, பேட்டரி போய்விட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு நானாகவே மூன்று கார் பார்த்தேன். மூன்றையும் வேண்டாம் என்றேன். உன் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறேன் என்று பெருமைகூட இருந்தது.

உன் ஆண்டுத் திவசத்துக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு உன் மனைவி வசந்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று, "குகனுக்குப் பழைய கார்னா உயிர்" என்றேன்.

வசந்தி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆருக்கு? அவருக்கோ? சேகரண்ணை, அவருக்குப் பழைய கார் எண்டாலே எரிச்சல், விசர் வரும். கிழமை முழுக்கக் கறளோட நிண்டிட்டு வாற மனுசன், சனிக்கிழமையாவது படுத்திருப்பம் எண்டுதான் நினைப்பார்."

"அப்புறம் ஏன் வந்தான்?"

அவர் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். பிறகு, தெற்கே ஒரு பண்ணையில் நாம் பார்த்த வெள்ளைக் காரை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லாமலா? நான் கையெழுத்துப் போடவே தயாராகிவிட்ட ஒரே கார் அதுதான். சேஸி வளைந்திருக்கிறது என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டு வந்தாய்.

"அண்டைக்கு வந்து சாப்பிடாமல் இருந்தவர். என்னெண்டு கேட்டன். நல்ல கார் வசந்தி, ஒரு பிழையும் இல்லை, பொய் சொல்லிப்போட்டன் எண்டார். ஏனப்பா எண்டன். அந்தக் காரை வாங்கினா அந்தாள் கராஜுக்குள்ள தனியப் போயிருந்திடும், பிறகு வெளியில வராது எண்டார்."

தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வசந்தியிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

கோபம் வந்தது குகன், மறைக்க மாட்டேன். இரண்டு வாரம் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். என்னைப் பார்த்தால் உனக்குப் பாவமாக இருந்ததா? உன் முட்டி வலி எனக்குத் தெரியும், மாடிப்படி ஏறினாலே முகம் சுளிப்பாய். அந்த முட்டியோடா ஒன்பது வருடம் ஈரப் புல்லில் மண்டியிட்டாய்? ஒரு வார்த்தை, "சும்மா வாரும், பீச்சில நடப்பம்" என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேனா? அதுதான் எனக்கே தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆல்பனிக்கு அந்தப் பக்கம் ஒரு கார் இருப்பதாக விளம்பரம் பார்த்துப் போனேன். விற்கிறவர் கிரஹாம், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் நடுக்கம் வந்துவிட்டது, ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. அடுத்த மாதம் சின்ன வீட்டுக்கு மாறுகிறார். ஷெட்டில் தார்ப்பாயை இழுத்தார். கரும்பச்சை. சீட் இல்லை, கூரை இல்லை. ஆனால் கழற்றியது அவரேதான். ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஆணிகளைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டியிருந்தார். கழற்றும்போதே எடுத்த போட்டோக்களும் ஒரு ஃபைல் நிறைய. ரெகோ செத்துப்போகாமல், முறைப்படி எழுதிக்கொடுத்துத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருந்தார்.

எண்ணெய் மூடி சுத்தம். எஞ்சினைக் கையால் சுற்றினேன், சுற்றியது. நான் கீழே படுத்துப் பார்க்க, அவர் உள்ளே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். காந்தம் இடது பக்கம் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டவில்லை. ஜாக்கியில் ஏற்றிக் கதவைத் திறந்தேன். திறந்தது, லேசாக உரசிக்கொண்டு.

"நன்றாகப் பார்க்கிறீர்களே, யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார் கிரஹாம்.

"ஒரு நண்பர்."

"அவரையும் அழைத்து வந்திருக்கலாமே."

நான் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றினேன். பிரித்தேன். மறுபடி சுற்றினேன். அப்புறம் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "சேஸி வளைந்திருக்கிறது."

கிரஹாமின் முகம் மாறியது. "எங்கே?" என்றார். "காட்டுங்கள்." அலமாரியிலிருந்து நூல்கண்டும் சாக்கட்டியும் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். வாத்தியார் இல்லையா? நூலின் ஒரு முனையை நடுங்குகிற விரலால் பிடித்துக்கொண்டு, நான் அளப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

நான் என்னத்தை அளப்பது? முந்தைய மூன்று கார்களிலும் இதையேதான் செய்தேன் என்பது அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றில் வயரிங் சரியில்லை என்றேன், பிரித்துக்கூடப் பார்க்காமல். வாங்கிவிட்டால் தேட ஒன்றுமில்லை. தேட ஒன்றுமில்லை என்றால் சனிக்கிழமை இல்லை. நீ விட்டுப்போனதில் என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

"மன்னிக்கணும்," என்றேன். "வளையவில்லை. எனக்கு வாங்கப் பயமாக இருக்கிறது, அதனால் அப்படிச் சொல்லிவிட்டேன்."

அவர் நூலைச் சுற்றிக்கொண்டே, ஏன் பயம் என்று கேட்டார். உன்னைப் பற்றிச் சொன்னேன். வெள்ளைக் காரைப் பற்றியும் சொன்னேன். என் இங்கிலீஷில் அது எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. எல்லாம் கேட்டுவிட்டு, "இடது பக்கம் அழுகியிருப்பது எனக்குத் தெரியும்," என்றார். "நீங்கள் கண்டுபிடிக்கவில்லை என்றால் நானே சொல்லியிருப்பேன். அது ஒன்றுதான் இதில் பெரிய குறை. உங்கள் நண்பர் பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்."

வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

புதன்கிழமை டிரான்ஸ்போர்ட்டர் கொண்டுவந்து என் கராஜில் இறக்கினான். வசந்தியிடம் அன்றைக்குச் சொல்லாமல் எழுந்து வந்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன், காரைப் பற்றியும் சொன்னேன். நேற்று வேலை முடிந்து வரும் வழியில் வந்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதுக்கோ இவ்வளவு காலம்?"

"இதுக்குத்தான்."

குனிந்து இடது பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். உன்னோடு இருபத்தைந்து வருடம் இருந்தவர், கை நேராக அங்கேதான் போனது. "இது கறள் எல்லோ, சேகரண்ணை?"

"ஆமா. தெரிஞ்சுதான் வாங்கினேன்."

"அவர் கண்டா பேசுவார்."

உங்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. எங்கள் ஊரில் பேசுவது என்றால் பேசுவதுதான். எது கிடைத்தாலும் எனக்குப் போதும் என்று நினைத்தேன். வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெல்டிங் செய்யத் தெரியுமா என்று கேட்டார். பழகப் போகிறேன் என்றேன். அவர் போன பிறகு கராஜ் கதவை இறக்காமல் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தேன். தெருவில் யாரும் வரவில்லை.

இன்று காலை போனில், இங்குள்ள தமிழர் குழுவில் ஒரு செய்தி. மலேசியாவிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு நர்ஸ். வேலைக்குப் போய்வர ஒரு சின்ன செகண்ட் ஹேண்ட் கார் பார்க்க வேண்டுமாம், கார் பற்றித் தெரிந்த யாராவது உதவ முடியுமா என்று கேட்டிருந்தார். இப்படி எத்தனை செய்தி வந்திருக்கும், நான் விரலால் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். கீழே யாருமே பதில் போடவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை, பத்து மணிக்கு வரலாமா என்று எழுதிக் கேட்டேன். மூன்று தடவை நன்றி சொல்லிப் பதில் வந்தது.

குகன், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கு அந்தக் காரில் ஒன்றுவிடாமல் பார்ப்பேன். கெட்ட கார் என்றால் கெட்டது என்று சொல்வேன். நல்ல கார் என்றால், நல்ல கார், வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, தனியாக வீட்டுக்குத் திரும்பி வருவேன்.

உன் மச்சான்,
சேகர்
லின்ஃபீல்ட், ஆக்லாந்து